மொட்டைப் பாறையில் கெல்ப் மீண்டும் முளைப்பது எப்படி?

நார்வேயின் மேற்குக் கரையில் உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் ஆல்ஜினேட்டைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்காகக் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை எடுக்கும் படகுகள், இரும்புப் பற்கள் கொண்ட கனத்த சட்டமொன்றைப் பாறைத் தரையில் இழுத்துக்கொண்டு போகின்றன. வளர்ந்த கெல்ப் அடியோடு பெயர்ந்து மேலே வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 1.5 லட்சம் டன் இப்படி எடுக்கப்படுகிறது. படகு போன தடத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் வெறும் பாறைதான். ஆனாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்து மறுபடி அறுவடை செய்ய விதி இடம் கொடுக்கிறது. அதற்குள் தடம் மூடிவிடும், மேலே இலைக்கூரை சேர்ந்துவிடும்.

அதே நாட்டின் வடக்குக் கரையில் வேறொரு வகை மொட்டைப் பாறை உண்டு. 1970களில் தொடங்கி, முள் பந்து போன்ற சிறு கடலுயிர்களான பச்சைக் கடல் முள்ளெலிகள் அங்கே கெல்ப்பை மேய்ந்து தீர்த்தன. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் கடலடி காடிழந்தது. அதில் பெரும்பகுதி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்படியே கிடந்தது.

இரண்டு இடத்திலும் பாறை பாறைதான். குளிர்ந்த, சத்து மிகுந்த நீர்தான். ஓரிடத்தில் ஐந்தாண்டு, இன்னோரிடத்தில் ஒரு தலைமுறை என்ற இந்த வேறுபாட்டுக்குக் கெல்ப் வளரும் வேகம் காரணமாக இருக்க முடியாது. வேகத்தில் கெல்ப்புக்கு எந்தக் குறையும் இல்லை. கலிபோர்னியாவின் ராட்சத கெல்ப், நிலைமை கூடிவந்தால், ஒரே நாளில் அரை மீட்டர் வரை நீளும். காட்டை அழித்தது எது, அது அங்கிருந்து போய்விட்டதா, போகும்போது பாறையில் எதை மிச்சம் வைத்தது என்று கேட்டால்தான் மீட்சியின் கணக்கு பிடிபடும். இதைக் கேட்காமலே நாற்றுகளைக் கொண்டுபோய் நடத் தொடங்கும் திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். நல்ல மனதோடு செய்யும் வேலை, வீணாகப் போகக்கூடாது.

கெல்ப் ஒரு பழுப்புப் பாசி. அதற்கு வேர் கிடையாது. அடியில் விரல்களைப் போலக் கிளைத்த பற்றுறுப்பு பாறையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. சத்தை உடல் முழுவதும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கெல்ப்புக்கு வளமான மண் வேண்டியதில்லை. உறுதியான பரப்பு, போதிய ஒளி, நைட்ரேட் நிறைந்த குளிர்ந்த நீர் ஆகியவை போதும். பெரிய செடிகள் அகற்றப்பட்ட பாறையில் பரப்பும் ஒளியும் முன்பைவிடத் தாராளமாகவே கிடைக்கும். இடையூறு கெல்ப்பின் பிறப்பில்தான் இருக்கிறது.

முதிர்ந்த கெல்ப்பின் இலைத்தகட்டில் கருத்த திட்டுகளாக ஸ்போர்கள் என்ற நுண்ணிய இனப்பெருக்க அணுக்கள் உருவாகின்றன. ஒரு ஸ்போரின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இரண்டு நுண்ணிய சாட்டைகளை வீசி நீந்தும் அது, கையிருப்புச் சத்து தீர்வதற்குள் பாறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின்னும் அது நேராகக் கெல்ப்பாக வளர்ந்துவிடுவதில்லை. ஒருசில உயிரணுக்களே கொண்ட, ஆண், பெண் எனத் தனித்தனியான நுண்ணிழையாகிறது. பெண் இழை முட்டையை வெளித்தள்ளும் நேரத்தில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த ஆண் இழை விந்தணுக்களைச் சட்டென்று வெளியேற்றுகிறது. இந்த அழைப்பு எட்டும் தூரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்போராவது விழுந்த இடத்தில்தான் அடுத்த தலைமுறை முறையாக எழும்புகிறது என்று கலிபோர்னியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. கோடிக்கணக்கில் ஸ்போர்கள் வெளிவந்தாலும் அவை நெருக்கமாக விழாவிட்டால் பயனில்லை.

நெருக்கமாக விழ வேண்டுமானால் தாய்ச்செடி அருகில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்போர்கள் தாயிடமிருந்து சில மீட்டருக்குள்ளேயே தரையிறங்கிவிடுகின்றன. புயல் நாட்களில் சில கிலோமீட்டர் வரை போவதும் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் போனவை நீரில் கலைந்து அடர்த்தி இழந்துவிடுகின்றன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் புல் கெல்ப் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மேற்பரப்பில் மிதக்கும் அதன் இலைகளில் ஸ்போர்த் திட்டு முதிர்ந்ததும், அந்தத் திட்டு மட்டும் இலையிலிருந்து கழன்று கடலடிக்கு மூழ்குகிறது. ஸ்போர்கள் ஓட்டத்தில் சிதறாமல், தாய் நின்ற பாறைக்குப் பக்கத்திலேயே கொத்தாக இறங்குகின்றன. முப்பது மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து அந்த ஓராண்டிலேயே மடிந்துவிடும் இனம் அது. அடுத்த ஆண்டின் காடு முழுவதும் அந்தத் திட்டுகளை நம்பித்தான் இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். சிறிய வெட்டவெளி விரைவில் மூடும், ஏனென்றால் அதன் எல்லா ஓரங்களிலும் தாய்ச்செடிகள் நிற்கின்றன. பல கிலோமீட்டர் அகல வெட்டவெளியில் ஸ்போர் மழை ஓரங்களில் மட்டும்தான் பெய்யும். காடு அந்த ஓரத்திலிருந்து ஆண்டுக்குச் சிறிது சிறிதாகத்தான் உள்ளே நகர வேண்டும்.

நார்வேயின் அறுவடைத் தடங்களுக்கு ஸ்போர் மழைக்கும் மேலான ஒரு கொடுப்பினை உண்டு. அங்கே அறுக்கப்படும் லாமினேரியா ஹைப்பர்போரியா என்ற இனத்தின் காட்டில், பெரிய செடிகளின் நிழலில் விரல் நீளமும் சாண் நீளமுமான இளஞ்செடிகள் வளராமல் காத்துக்கொண்டிருக்கும். சில ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவையும் உண்டு. இழுவைச் சட்டம் உயரமான, விறைத்த தண்டுள்ள செடிகளைத்தான் பிடுங்குகிறது. வளையக்கூடிய இந்தக் குட்டிகள் பற்களுக்கிடையே தப்பிவிடுகின்றன. கூரை போய் ஒளி இறங்கியதும் அவை ஒரே பாய்ச்சலில் எழுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மேலே மறுபடி கூரை தெரிவது இதனால்தான். புதிதாக ஸ்போர் விழுந்து, முளைத்து, வளர்ந்து இவ்வளவு விரைவில் காடாகியிருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளும் இப்படிக் காத்திருக்கும். மங்கிய ஒளியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, நீல ஒளி போதுமான அளவு பட்ட பிறகுதான் அவை முட்டையிடுகின்றன.

குட்டிகளும் இல்லாமல் முழுக்கச் சுரண்டினால் என்ன ஆகும்? ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் எரின் ஆய்வகத்தில் இருந்த ஜோனா கேய்ன் இதைத்தான் சோதித்தார். அங்கே பழைய அலைதடுப்புச் சுவரின் கான்கிரீட் கட்டைகள் நீருக்கடியில் கிடந்தன. அவற்றில் சிலவற்றை வெவ்வேறு மாதங்களில் சுரண்டிச் சுத்தமாக்கி, பிறகு என்னென்ன முளைக்கிறது என்று தொடர்ந்து பார்த்தார். முடிவுகள் 1975இல் வெளிவந்தன. முதலில் வந்தவை எந்த மாதத்தில் சுரண்டப்பட்டது என்பதைப் பொறுத்து மாறின. அந்தந்தப் பருவத்தில் எந்தப் பாசி ஸ்போர் விட்டுக்கொண்டிருந்ததோ, அது இடத்தைப் பிடித்தது. ஓராண்டு ஆயுள் கொண்ட சாக்கோரைசா என்ற பெரிய பாசி பல கட்டைகளில் முதலில் ஓங்கி வளர்ந்து நின்றது. ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவையெல்லாம் ஒதுங்க, லாமினேரியா ஹைப்பர்போரியா மீண்டும் ஆதிக்கம் பெற்றது. சாக்கோரைசா தன் ஆயுள் முடிந்து விழுகிறது. லாமினேரியாவோ பத்து, பதினைந்து ஆண்டு நிற்கிறது. பொறுமையாக நிழலில் வளர்ந்து, ஒருமுறை மேலே வந்துவிட்டால் அது மற்றவற்றுக்கு ஒளியை விடுவதில்லை.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், எதையும் நடாமல் காத்திருந்தது. சுற்றிலும் தாய்ச்செடிகள் இருந்தன. மேய்ச்சல் குறைவாக இருந்தது. மற்றதைக் கடலே செய்தது.

சிலியின் கரையில் லெசோனியா என்ற கெல்ப்பை அறுப்பவர்களுக்கான நடைமுறை முதலில் கேட்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். தண்டை வெட்டி அடிப்பகுதியை விட்டுவைக்கக் கூடாது. பற்றுறுப்போடு முழுச்செடியையும் பெயர்த்தெடுக்க வேண்டும். பற்றுறுப்பு 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான முதிர்ந்த செடியை மட்டுமே எடுக்க வேண்டும். இடையிடையே செடிகளை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். வெட்டி விட்ட அடிப்பகுதி பெரும்பாலும் தழைப்பதில்லை, பாறையை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும் என்பதுதான் காரணம். அதைப் பெயர்த்தால் ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும். விட்டுவைத்த செடிகள் ஸ்போர் தரும், மேய வரும் உயிர்களைத் தள்ளியும் வைக்கும். கலிபோர்னியாவின் ராட்சத கெல்ப்பில் விதி இதற்கு நேர்மாறு: நீர்மட்டத்திலிருந்து நான்கு அடி ஆழம் வரை மேல்பகுதியை மட்டுமே வெட்டலாம். அந்த இனத்தின் பற்றுறுப்பிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். லாமினேரியாவில் வளரும் திசு, தண்டும் இலையும் சேரும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்குக் கீழே வெட்டினால் செடி மாண்டுபோகும். எல்லாக் கெல்ப்புக்கும் ஒரே அறுவடை விதி எழுத முயல்கிறவர்கள் உடற்கூற்றை ஒருமுறை பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

இனி, மீட்சி என்று எதைச் சொல்கிறோம்? கூரை திரும்பிவிட்டால் காடு திரும்பிவிட்டது என்று அறிக்கைகளில் எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

வயதான ஒரு லாமினேரியா தண்டை அருகிலிருந்து பாருங்கள். அது சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் செம்பாசிகள் ஒட்டி வளர்ந்து தண்டையே மறைத்துக்கொண்டிருக்கும். பாசிகளுக்கிடையே கூனிகளைப் போன்ற சிற்றுயிர்களும் குட்டி நத்தைகளும் ஊர்ந்துகொண்டிருக்கும். அடியில் பற்றுறுப்பின் விரல்களுக்கிடையே உள்ள பொந்துகளில் புழுக்கள், நொறுங்கு நட்சத்திரங்கள், சிறு நண்டுகள், சிப்பிகள். ஒரே செடியில் ஆயிரக்கணக்கான உயிர்கள் வாழும். அவற்றைத் தின்ன இளம் காட் மீன்கள் வரும். தண்டின் அடியைக் குறுக்கே வெட்டினால் மரத்தில் தெரிவதுபோல வளர்ச்சி வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணிச் செடியின் வயதைக் கணிக்கலாம். இளம் செடியின் தண்டு வழவழப்பானது, குட்டையானது. பற்றுறுப்பும் சிறியது, பொந்துகள் குறைவு. இழுவைக்குப் பிந்தைய நார்வேக் காடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுதான்: கெல்ப் சில ஆண்டுகளில் மூடிவிட்டது, தண்டில் ஒட்டி வாழும் பாசிகளோ ஆறு ஆண்டுகள் கழிந்தும் பழைய அளவை எட்டவில்லை. ஐந்தாண்டுச் சுழற்சியில் அறுக்கப்படும் பாறை, கெல்ப் தோட்டமாக நீடிக்கும். முதிர்ந்த காடாகும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. தொழிலுக்கு அது போதும்; மீன்களுக்கும் போதுமா என்று கேட்க வேண்டும்.

கடல் முள்ளெலி மேய்ந்த பாறைக்கு வருவோம். அங்கே மிச்சம் என்று எதுவும் இருப்பதில்லை. முள்ளெலி பெரிய செடியின் அடியைக் கடித்து அறுத்துவிடுகிறது, குட்டிகளைத் தின்றுவிடுகிறது, பாறையைச் சுரண்டும்போது நுண்ணிழைகளையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. மிஞ்சுவது சுண்ணாம்பேறிய இளஞ்சிவப்புப் பாசிப் படலம் மட்டும். அந்தப் படலமோ முள்ளெலியின் குஞ்சுகள் வந்து குடியேறத் தூண்டும் பரப்பாக இருக்கிறது.

காடு நன்றாக இருக்கும் காலத்தில் முள்ளெலிகள் பாறை இடுக்குகளில் அமர்ந்து, உதிர்ந்து வரும் கெல்ப் துண்டுகளைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும். அலையில் ஆடும் இலைகள் பாறையைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் வெளியே வருவதும் கடினம். உதிர்வு குறைந்ததும் அவை இடுக்கை விட்டுக் கிளம்பி உயிருள்ள செடியை நோக்கிப் போகின்றன. காடு அழிந்த பின் பசியில் சாகும் என்று நாம் எதிர்பார்ப்போம். சாவதில்லை. உள்ளே இனப்பெருக்கச் சுரப்பிகள் சுருங்கி ஓடு காலியாகிப்போன நிலையிலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பச்சையாக ஏதாவது முளைத்தால் அதைத் தின்றுவிடும். அதனால்தான், எந்த அடர்த்தியில் முள்ளெலிகள் காட்டை அழித்தனவோ அந்த அடர்த்திக்குக் கீழே சற்றே குறைத்தால் காடு திரும்புவதில்லை. உலகின் பல கடல்களின் தரவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, காடு திரும்ப வேண்டுமானால் முள்ளெலியின் எடை அழிவு தொடங்கிய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும் என்று கண்டது. பாதி வேலை செய்துவிட்டு நிறுத்தினால் பலன் பாதியாகக் கிடைக்காது. பலனே கிடைக்காமல் போகலாம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அந்த இறக்கம் தானாக நடந்தது. 1980 முதல் 1983 வரை ஓர் அமீபா நோய் பரவி, ஆழம் குறைந்த பகுதிகளில் முள்ளெலிகளை அடியோடு துடைத்தது. மூன்றாண்டுக்குள் கெல்ப் திரும்பி நின்றது. பாறை கெட்டுப்போகவில்லை, ஸ்போர் வந்துகொண்டுதான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூசிலாந்தின் லீ என்ற இடத்தில் 1975இல் கடல் காப்பகம் அமைத்து மீன்பிடியை நிறுத்தினார்கள். ஸ்னாப்பர் மீன்களும் சிங்கி இறால்களும் பெருகி, பெரிதாகி, முள்ளெலிகளைத் தின்னத் தொடங்கின. மொட்டைப் பாறைகளில் எக்லோனியா கெல்ப் மூடியது. ஆனால் இதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. முதலில் மீன் வளர வேண்டும், பிறகுதான் முள்ளெலி குறையும், அதற்குப் பிறகுதான் கெல்ப். மூன்றாண்டு நிதியோடு தொடங்கும் ஒரு திட்டம் இந்த வரிசையில் முதல் படியைக்கூடத் தாண்டாது.

வேட்டையாடும் உயிர் இல்லாமல்போனால் என்னவாகும் என்பதை வடக்குக் கலிபோர்னியா காட்டியது. 2013இல் கடல் நட்சத்திரங்களை உருக்கும் நோய் வந்தது. முள்ளெலி தின்னும் பெரிய சூரியகாந்தி நட்சத்திரம் அங்கே ஏறக்குறைய மறைந்தது. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. புல் கெல்ப் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. ஓராண்டுச் செடி என்பதால் அடுத்த ஆண்டுக்கு விதைக்கவும் ஆளில்லை. கெல்ப்பைத் தின்று வாழ்ந்த அபலோனி என்ற பெரிய கடல் நத்தைகள் பட்டினியில் மடிந்தன. 2018இல் அவற்றைப் பிடிப்பதற்கே தடை வந்தது.

தெற்கே, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பாலோஸ் வெர்டெஸ் கரையில் 2013 முதல் முக்குளிப்போர் கையில் சிறு சுத்தியலோடு இறங்கி முள்ளெலிகளை ஒவ்வொன்றாக உடைத்து வருகிறார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைத்த இடங்களில் ராட்சத கெல்ப் சில மாதங்களிலேயே தலைகாட்டியது. யாரும் எதையும் நடவில்லை. அருகில் காடு இருந்தது. தடையை விலக்கியது போதுமாக இருந்தது. உடல் நோகும் வேலைதான் அது. ஆனாலும் தடையும் தீர்வும் பொருந்தி நின்ற திட்டங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

தாய்ச்செடியே இல்லாத இடத்தில் நடவுக்கு நியாயம் உண்டு. நார்வேயில் சோதித்த ஒரு முறையில், சிறு கற்களின் மேல் கெல்ப்பை ஆய்வகத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை வளர்த்து, படகிலிருந்தே கடலில் போடுகிறார்கள். முக்குளிப்போர் தேவையில்லை, செலவும் குறைவு. செடி வளரும்போது பற்றுறுப்பு கல்லைத் தாண்டிப் பாறையைப் பிடித்துக்கொள்கிறது. அலை வலுத்த இடங்களில் கல் உருண்டுவிடலாம் என்பது இதன் குறை.

மேய்ச்சலும் இல்லை, பாறையும் இருக்கிறது, ஆனாலும் கெல்ப் வரவில்லை என்றால் பெரும்பாலும் பார்க்க வேண்டியது வண்டலையும் கம்பளப் பாசியையும். பாறை மேல் மெல்லிய வண்டல் படிந்தாலே ஸ்போர் பிடிமானம் இழக்கிறது. கம்பளம் போலப் படரும் குட்டைப் பாசிகள் அந்த வண்டலைப் பிடித்துவைத்து, இடத்தை நிரந்தரமாக அடைத்துக்கொள்கின்றன. 2011இல் மேற்கு ஆஸ்திரேலியாவைத் தாக்கிய கடல் வெப்ப அலைக்குப் பின் சுமார் 100 கிலோமீட்டர் கரையில் கெல்ப் மறைந்தது; கம்பளப் பாசி படர்ந்தது. வெப்பக் கடலிலிருந்து தெற்கே நகர்ந்துவந்த, பாசி மேயும் மீன்கள் முளைத்தவற்றையும் கடித்துவிட்டன. நீர் குளிர்ந்த பிறகும் காடு திரும்பவில்லை. மறுபுறம், நடு நார்வேயில் நீர் வெப்பமானது முள்ளெலிக் குஞ்சுகளைப் பாதித்தது, அவற்றைத் தின்னும் நண்டுகளை வடக்கே வரச் செய்தது. 1990களுக்குப் பின் அங்கே கெல்ப் தெற்கிலிருந்து வடக்காகப் படிப்படியாகத் திரும்பி வருகிறது. வெப்பம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் இங்கே விடை கிடைக்காது. அந்தக் கரையில் எந்த உயிரின் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் கரையில் இப்போது நடப்பது இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் ஒரு சோதனைக்களம். 1987இன் பெரும்புயலுக்குப் பிறகு இழுவை வலையும் சேர்ந்து அங்கிருந்த கெல்ப்பில் 96 சதவீதத்தைத் தீர்த்துவிட்டது. 2021 மார்ச்சில் சுமார் 300 சதுர கிலோமீட்டரில் இழுவை வலைக்குத் தடை வந்தது. அழித்த காரணம் அகன்றுவிட்டது. ஆனால் தாய்ச்செடிகள் மிகக் குறைவு, வண்டலும் உண்டு. முதலில் திரும்பியவை கடலடிச் சிப்பிப் படுகைகள். கெல்ப்பின் வரவு மெதுவாகவே இருக்கிறது. நான்கைந்து ஆண்டில் காடு தெரியவில்லை என்று தடையின் மீது ஐயம் எழுப்புகிறவர்கள், லீயில் ஆன இருபது ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். எஞ்சிய திட்டுகளின் ஓரத்தில் ஆண்டுக்கு எத்தனை குட்டிகள் தங்குகின்றன, அவற்றில் எத்தனை இரண்டாம் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன என்பதுதான் அங்கே இப்போது கவனிக்க வேண்டிய கணக்கு.